காலை முதல் ஸ்டார்ட்டில் பிக்கப் இன்ஜின் போடும் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி முழுக்க நின்ற பிக்கப்பைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து ஒரு கடகட, இல்லையென்றால் டிக் டிக். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே இன்ஜின் சாதுவாக ஓடுகிறது. "ஒன்றுமில்லையே" என்கிறார் மெக்கானிக். அடுத்த நாள் காலை திரும்ப அதே கதை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் பெட்ரோல் வண்டியை வைத்தே சொல்லியிருக்கிறேன். டீசலுக்குத் தனிக் கேள்வி உண்டு.

வண்டி எவ்வளவு நேரம் நின்றால் அதைக் குளிர்ந்த இன்ஜின் என்று சொல்லலாம்?

குறைந்தது 6 முதல் 8 மணி நேரம். கூலண்ட் வெப்பநிலை வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேலே ஏறிய ஆயில் முழுக்கச் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, வடிந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது சத்தம் வரவில்லை என்பதால் கோளாறு சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வடிய நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரித்தால் கோளாறைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஒருவர் "டிக் டிக்" என்பதை இன்னொருவர் "டக் டக்" என்பார். அதைவிட நம்பகமானது கடிகாரம். எப்போது தொடங்குகிறது, எத்தனை நொடியில் அல்லது நிமிடத்தில் நிற்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா குறைகிறதா, சூடான பிறகு திரும்ப வருகிறதா என்ற நாலு கேள்விக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சத்தத்தின் தன்மை அதற்கு அடுத்துதான்.

தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். முதல் மூன்று நொடிக்குள் நின்றுபோனால் ஆயில் மேலே ஏறும் தாமதம், அல்லது வால்வுகள் திறக்கும் நேரத்தைக் கவனிக்கும் டைமிங் செயின், கேம் ஃபேஸர் பக்கம் பாருங்கள் (இரண்டையும் கீழே விளக்கியிருக்கிறேன்). சில நிமிடம் இருந்து இன்ஜின் சூடாகச் சூடாகக் குறைந்தால், உலோகம் விரிந்து இடைவெளி அடைபடுகிறது என்று அர்த்தம். அப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) கசிவு, பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவது) இரண்டும்தான் முதல் சந்தேகம். சூடாகச் சூடாக அதிகமாகிறதா? அது கவலைப்பட வேண்டிய ரகம்.

ஒரு வேலை செய்யுங்கள். பானட்டைத் திறந்துவைத்து, போனைப் பேட்டரி பக்கமாக அசையாத இடத்தில் வைத்து வீடியோவை ஓடவிட்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும் முன்பே பதிவு தொடங்க வேண்டும். போன் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும், கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே வேண்டாம். எக்ஸாஸ்ட்டில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கோளாறே இல்லாமல் வரும் காலைச் சத்தங்கள் எவை?

நிறைய உண்டு. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் சாமான் மாற்றி ஏமாந்தவர்களும் நிறைய.

குளிர்ந்த இன்ஜினை இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, வேண்டுமென்றே வேகமாக ஐடில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) ஓட்டும். 1,000 முதல் 1,500 ஆர்பிஎம் வரை போகலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க இக்னிஷன் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். அதனால் எக்ஸாஸ்ட் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சட்டென்று மாறினால் அது இசியூவின் வேலை.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் ஹை பிரஷர் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் எப்போதும் டிக் டிக் என்றுதான் இருக்கும். குளிரில் கூடுதலாகக் கேட்கும். சில வண்டிகளில் செகண்டரி ஏர் பம்ப் என்று ஒன்று உண்டு. குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் ஓடி, எக்ஸாஸ்ட்டுக்குள் காற்றை ஊதும். வாக்குவம் கிளீனர் போட்டது போல ஒரு விர்ர் வந்து, ஒரு நிமிடம் போல ஓடி நின்றுவிடும்.

பிக்கப்புக்கே உரிய இன்னொன்று ஃபேன் கிளட்ச். இன்ஜினால் ஓடும் பெரிய ஃபேனின் நடுவில் சிலிக்கான் எண்ணெய் வைத்த கிளட்ச் இருக்கும். இரவில் அந்த எண்ணெய் இடம் மாறிப் படிந்துவிடுவதால் காலையில் கிளட்ச் பிடித்துக்கொண்டு ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். உஸ்ஸ் என்ற இரைச்சல் ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கும். ஓரிரு நிமிடத்தில் எண்ணெய் திரும்பிப் போனதும் அடங்கும். அடங்காமல் நாள் முழுக்க இரைந்தால்தான் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நொடி மட்டும் கடகடவென்று கேட்கிறது. என்ன அது?

டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. இரவில் உள்ளிருக்கும் ஆயில் வடிந்தால் காலையில் செயின் தளர்ந்து கைடுகளில் அடிக்கும். அழுத்தம் வந்ததும் நின்றுவிடும். வால்வு நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸரும் இதே மாதிரிதான். ஆயில் இல்லாத நேரத்தில் அதன் பூட்டுப்பின் சரியாக விழவில்லை என்றால் ஃபேஸர் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும்.

தெரிந்த உதாரணம், 2017 முதல் 2020 வரையிலான ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் வந்த 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின். பல மணி நேரம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தால் சில நொடி கரகரவென்று அலறும். காரணம் கேம் ஃபேஸர். ஃபோர்டே தனித் திட்டம் அறிவித்து ஃபேஸர்களை மாற்றிக் கொடுத்தது. அதே ஃபோர்டின் பழைய 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜினிலும் ஃபேஸர் சத்தம் பிரசித்தம். ஆனால் அது வருவது பெரும்பாலும் நன்றாகச் சூடாகி ஐடிலில் நிற்கும்போது. இரண்டுமே ஃபேஸர்தான், கடிகாரம்தான் வேறு.

ஒரு நொடிக்குள் ஒரு சின்ன "கர்" என்று முடிந்து, பல வருடமாக அப்படியே இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனால், அல்லது ஸ்கேனரில் பி0016 முதல் பி0019 வரையிலான கோளாறுக் குறியீடுகளில் (கோடு) ஏதாவது வந்தால் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமுக்கும் பொருத்தம் தவறியதைச் சொல்லும் கோடுகள் இவை), தள்ளிப்போடக் கூடாது. செயின் ஒரு பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

ஆயில் பில்டர் ஒன்று இத்தனைக்கும் காரணமாக இருக்க முடியுமா?

முடியும். முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான், ஏனென்றால் இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான். பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். இன்ஜின் நின்றதும் பில்டரில் உள்ள ஆயில் திரும்ப ஓடிவிடாமல் தடுப்பது அதன் வேலை. பில்டர் படுத்த நிலையிலோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட இன்ஜினில் அந்த ரப்பர் விறைத்துப்போனால் பில்டர் இரவோடிரவாகக் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் பில்டரை நிரப்பி, அப்புறம்தான் மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தாமதத்தில்தான் வால்வுகளைத் தள்ளும் டேப்பெட் (லிஃப்டர் என்பதும் இதுதான்) அடிக்கிறது. சாதாரண நைட்ரைல் ரப்பரைவிடச் சிலிக்கான் வால்வு குளிரிலும் சூட்டிலும் மிருதுவாகவே இருக்கும். கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்துதான் சத்தம் வருகிறது என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் கம்பெனி பில்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கூடவே டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்து மாதக்கணக்கில் சத்தத்தைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆயில் மேலே ஏறுவதுதான் பிரச்சினை என்று எப்படி உறுதி செய்வது?

பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை அடி வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. காலையில் முதல் வேலையாக இப்படி ஐந்தாறு நொடி சுற்றவிட்டு, காலை எடுத்துவிட்டு, பிறகு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தக் கடகட வரவே இல்லை என்றால் ஆயில் போய்ச் சேரும் தாமதம்தான் காரணம். வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது. தினமும் இப்படியே ஸ்டார்ட் செய்து காலம் தள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் தாங்காது.

இந்தச் சோதனையில் சத்தம் போய், புது பில்டர் போட்டும் திரும்ப வருகிறது என்றால் ஆயில் உறிஞ்சும் குழாயைப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8 போன்ற இன்ஜின்களில் அந்தக் குழாய் பம்ப்பில் சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் உண்டு. அது விரிசல் விட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும்.

சில நிமிடம் டிக் டிக் என்று கேட்டு மறைகிறது. லிஃப்டரா, எக்ஸாஸ்ட்டா?

அதிகம் குழப்புவது இந்த இரண்டுதான். இரண்டும் கேம் வேகத்தில், அதாவது கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தட்டும். காதுக்கு ஒரே தாளம். காலை டிக் டிக்குக்காக லிஃப்டரை மாற்றிவிட்டு, கடைசியில் உடைந்த மேனிஃபோல்டு போல்ட்டைக் கண்டுபிடித்த கதைகள் ஏராளம். அதனால் எக்ஸாஸ்ட்டை முதலில் கழித்துக்கட்டுங்கள் என்பேன்.

மேனிஃபோல்டு வளைந்து கடைசி சிலிண்டர் பக்கத்து போல்ட்டின் தலை முறிவது ராம் 5.7 லிட்டர் ஹெமி, ஃபோர்டு 5.4, ஜெனரல் மோட்டார்ஸ் வி8 எல்லாவற்றிலும் அடிக்கடி நடப்பதுதான். குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியாக வாயு "ப்ட் ப்ட்" என்று வெளியேறும். சூட்டில் இரும்பு விரிந்ததும் அடைபடும். வண்டியை ஏற்றத்திலோ சுமையோடோ எடுத்தால் சத்தம் கூடும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் குறையும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டார்ச் அடித்து மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பைப் பாருங்கள். கசியும் இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும். போல்ட் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பின்பக்கக் கடைசி போல்ட்டைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி தேவைப்படும். அங்கே தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இன்னும் சந்தேகம் இருந்தால், இன்ஜினை ஓட்டாமல், டெயில் பைப்புக்குள் ஒரு ப்ளோயரால் காற்றை ஊதி, மேனிஃபோல்டு மேல் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

எக்ஸாஸ்ட் சுத்தமாக இருந்து, சத்தம் வால்வு கவரில் கூர்மையாகக் கேட்டால் லிஃப்டர். ஹைட்ராலிக் லிஃப்டர் ராத்திரியில் ஆயிலை இழந்து, காலையில் நிரம்பும் வரை அடிப்பது சகஜம். நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் அடித்தால் கதை வேறு. ஹெமியிலும் சிலிண்டரை அணைத்து ஓடும் ஜெனரல் மோட்டார்ஸ் வி8களிலும் லிஃப்டரின் ரோலர் கெட்டு, கேம் ஷாஃப்ட்டையே தின்றுவிடுவதுண்டு. மிஸ்ஃபயரும் (ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல் போவது) சேர்ந்து வந்தால் உடனே திறந்து பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிஸ்டன் ஸ்லாப் என்றால் என்ன? அதோடு ஓட்டலாமா?

அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிரில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். பிஸ்டன் திசை மாறும்போது அதன் பாவாடைப் பகுதி சுவரில் மோதும். சத்தம் டிக் டிக் மாதிரி கூர்மையாக இருக்காது. பிளாக்கின் பக்கவாட்டிலிருந்து வரும் பொள்ளலான "தொக் தொக்". பிஸ்டன் விரிந்ததும் மறையும். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளின் 4.8, 5.3, 6.0 லிட்டர் வி8கள் இதற்குப் பேர்போனவை. பல வண்டிகள் அந்தச் சத்தத்தோடே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. ஆயில் குடிக்கவில்லை, சூடானதும் முழுக்க நிற்கிறது என்றால் தாராளமாக ஓட்டலாம்.

உறுதி செய்ய ஒரு சிலிண்டரை அணைத்துப் பார்க்கலாம். சத்தம் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன், ராடு பக்கம் பிரச்சினை. லிஃப்டர் என்றால் மாறாது. எக்ஸாஸ்ட் கசிவும் குறையும் என்பதால்தான் அதை முதலில் கழிக்கச் சொன்னேன். காயில் பிளக்கை மட்டும் பிடுங்காதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். இன்ஜெக்டரை நிறுத்த வேண்டும். நேரடி இன்ஜெக்ஷனிலும் டீசல் காமன் ரெயிலிலும் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாய்) இன்ஜெக்டர் ஒயரில் ஆபத்தான மின்னழுத்தம் வரும். அங்கே கையால் பிடுங்காமல் ஸ்கேனர் மூலமாகத்தான் அணைக்க வேண்டும்.

எந்தச் சத்தம் கேட்டால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும்?

அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த "டொங்கு டொங்கு". பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தால் வருவது அது. சூடானதும் ஆயில் மெலிந்து, இடைவெளி தெரிய, சத்தம் கூடும். 2,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிவிட்டு சட்டென்று விடும்போது நன்றாகக் கேட்கும். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஆயில் அழுத்தம் வரும் வரை ஓரிரு நொடி மந்தமான இடி.

ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தாலும் அதே பதில்தான். நிறுத்துங்கள்.

சந்தேகம் இருந்தால் பில்டரைக் கழற்றி வெட்டி, உள்ளே மடித்திருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் இருக்கிறதா? காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, கேமோ லிஃப்டரோ செயினோ. ஒட்டாத சாம்பல் நிறச் செதில் என்றால் பேரிங்.

ராடு நாக்கிங் (ராடு பேரிங் தட்டும் சத்தம்) மாதிரியே கேட்டு, ராடாக இல்லாமல் போவது உண்டா?

உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கிராங்கின் பின்முனையில் இருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் தகடு விரிசல் விட்டாலும், அதைக் கியர்பாக்ஸ் பக்கத்து டார்க் கன்வெர்ட்டரோடு இணைக்கும் போல்ட் தளர்ந்தாலும் அச்சு அசல் ராடு போலவே தட்டும். இதை நம்பி இன்ஜினையே பிரித்தவர்கள் இருக்கிறார்கள். சத்தம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் பலமாக இருந்தால் இன்ஸ்பெக்ஷன் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

ஒரு சின்ன உத்தி. ஐடில் 700-க்கு வந்ததும், கேம் வேகத்துச் சத்தம் நொடிக்கு ஆறு தட்டு. விரலால் கூடவே தாளம் போட முடியும். ஃப்ளெக்ஸ்பிளேட்டோ பேரிங்கோ என்றால் நொடிக்குப் பன்னிரண்டு. விரல் தோற்றுவிடும்.

க்ரீச் சத்தம், வீய்ங் சத்தம்?

க்ரீச் என்றால் பெரும்பாலும் ஃபேன் பெல்ட். ஓடும்போது பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் ஒரு கணம் நின்று திரும்பினால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்வு, டென்ஷனரைப் பாருங்கள். வீய்ங் என்பது பவர் ஸ்டீயரிங் பம்ப்பாக இருக்கலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கூடும். எதுவென்று தெரியவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் போனால் பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்று. போகவில்லை என்றால் இன்ஜினுக்குள். 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃப்ரான்டியர் 4.0 லிட்டரில் செயின் டென்ஷனர் தேய்ந்து வரும் வீய்ங்கை பெல்ட் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

என்னுடையது டீசல். காலையில் கொட்டு மேளம்தான். சரியா?

ஓரளவுக்குச் சரிதான். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே நேரத்தில் வெடிப்பதால் வருகிறது அந்தக் கடகட. காமன் ரெயில் வந்த பிறகு, முன்கூட்டியே கொஞ்சம் தெளிக்கும் பைலட் இன்ஜெக்ஷனால் இது நிறையக் குறைந்தது. திடீரென்று கூடி, வெள்ளைப் புகையும் உதறலும் சேர்ந்தால் சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக்கையும் இன்ஜெக்டர்களையும் சோதியுங்கள்.

டொயோட்டா ஹைலக்ஸின் 3.0 லிட்டர் 1கேடி இன்ஜினில் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள தாமிர வாஷர் கசிந்தால், எரிந்த வாயு மேலே புகுந்து ஆயிலைக் கரியாக்கி, சம்ப்பில் உள்ள சல்லடையை அடைத்துவிடும். காலைச் சத்தத்தோடு ஆயிலும் தார் மாதிரி இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ஃபோர்டு ரேஞ்சரின் 2.2, 3.2 லிட்டர் டீசலில் வேறொரு பொறி. ஆயில் வடித்துவிட்டு நெடுநேரம் விட்டால் பம்ப் பிடிப்பை இழந்துவிடும். 10 நிமிடத்துக்குள் புது ஆயில் ஊற்றியாக வேண்டும். ஆயில் மாற்றிய உடனே சத்தம் வந்து ஆயில் விளக்கும் அணையவில்லை என்றால் ஓட்டிப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமா?

சூட்டில் வரும் சத்தம் அடங்கலாம். காலையில் வரும் சத்தம் அதிகமாகத்தான் வாய்ப்பு. 0டபிள்யூ, 5டபிள்யூ என்று டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண்தான் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுவது. அதைப் பெரிதாக்கினால் ஆயில் மேலே போகும் நேரமும் நீளும்.

தயாரிப்பாளரே ஆயிலை மாற்றச் சொன்ன சந்தர்ப்பமும் உண்டு. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 கொண்ட 2021 முதல் 2024 வரையிலான பிக்கப்புகளையும் எஸ்யூவிகளையும் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் திரும்ப அழைத்தது. கிராங்க், கனெக்டிங் ராடு குறைபாடுதான் காரணம். சோதனையில் தேறிய இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னார்கள். முன் எண்ணைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். டப்பாவில் விற்கும் "சத்தம் நிறுத்தி" மருந்துகள் ஒட்டிக்கொண்ட லிஃப்டரை எப்போதாவது விடுவிக்கும். உடைந்த போல்ட்டை ஒட்டவைக்காது.

டாஷ்போர்டு மீட்டரில் ஆயில் அழுத்தம் நடுவில் நிற்கிறது. போதாதா?

போதாது. பல வண்டிகளில் அந்த முள் ஒரு எல்லைக்குள் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நிற்கும்படி வைத்திருப்பார்கள். சென்சார் துளையில் தனி மெக்கானிக்கல் கேஜ் மாட்டிக் காலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. உங்கள் இன்ஜினுக்கான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

சத்தம் நிற்கும் வரை ரேஸ் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆயில் போய்ச் சேராத நேரத்தில் ரேஸ் கொடுப்பதுதான் மிகப்பெரிய தேய்மானம். அரை நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். நிறுத்திவைத்தே பத்து நிமிடம் சூடாக்குவதிலும் லாபம் இல்லை.

மெக்கானிக்கிடம் விடும்போது என்ன சொல்வது?

"லிஃப்டர் மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதை மாற்றிவிட்டுக் காசு வாங்குவார், சத்தம் அப்படியே இருக்கும். எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை நொடியில் நின்றது, கடைசியாக ஆயில் எப்போது மாற்றியது, எந்த ஆயில், எந்த பில்டர் என்று எழுதியே கொடுங்கள். ஸ்கேனரில் கோடு வரவில்லை என்று அவர் கைவிரித்தால், உடைந்த போல்ட்டுக்கும் பிஸ்டன் ஸ்லாப்புக்கும் கோடு வராது என்று சொல்லுங்கள். வண்டியை முந்தின நாள் சாயங்காலமே பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் நீங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடம் மாற்றுவதற்காகக்கூட யாரும் தொட்டுவிடாமல் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.